பனிச்சரிவும் சிவப்புக் கயிறும்

எங்கள் பக்கத்தில் வானத்திலிருந்து விழுவது ஒரு தடவைதான் விழும். மழையோ ஆலங்கட்டியோ, விழுந்தது மண்ணுக்குள் போய்விடும். விழவில்லையே என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்களுக்குப் பெரிய வேலை. சுவிட்சர்லாந்து மலையில் பனி இரண்டு தடவை விழுகிறது. முதலில் வானத்திலிருந்து, சத்தமே இல்லாமல். அப்புறம் மலையிலிருந்து. அந்த இரண்டாவது விழுதலுக்குள் போய்விட்டு வந்து, இன்று வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அதற்கு நான் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நான் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவன். சேலத்தில் இண்டர்மீடியட் வரை படித்தேன். அப்பா காலமானதும் படிப்பை விட்டுவிட்டுப் பண்ணையத்தைப் பார்க்க வந்துவிட்டேன். படிப்பில் கெட்டி என் தம்பி பழனிச்சாமிதான். டாக்டருக்குப் படிக்க எடின்பரோ போனான். போன இடத்தில் சயரோகம் அவனைப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து சுவிட்சர்லாந்து மலையில் இருக்கும் ஒரு சயரோக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நல்ல காற்று, நல்ல பால், நல்ல வெயில் என்று ஒரு வருஷத்துக்கு மேல் படுக்க வைத்தும் இடது நுரையீரலில் இருந்த ஓட்டை மூடவில்லை. விலா எலும்பில் சிலதை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் அமுங்கி ஓட்டை மூடும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் வராமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்று எழுதியிருந்தான்.

ஆத்தாளுக்கு விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"எலும்பை எடுக்கறதா? பன்னிக் கறியா அது? நீ போயி அவனைக் கூட்டிக்கிட்டு வந்துரு சாமி. நான் பெத்த ஒடம்பு முழுசா வரோணும். கத்தி கித்தின்னு எவனாச்சும் வந்தா நீ ஒத்துக்கவே கூடாது."

நானும் அதே எண்ணத்தோடுதான் கப்பலேறினேன். தம்பியை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது. அதற்கு மேல் எனக்கு வேறு யோசனை இல்லை.

ரயில் மலை அடிவாரத்தோடு நின்றுவிட்டது. மேலே தண்டவாளத்தைப் பனி மூடிவிட்டதாம். அங்கிருந்து குதிரை பூட்டிய சறுக்கு வண்டி. சக்கரம் இல்லாத வண்டியில் ஏறி உட்காருவதற்கே எனக்கு மனசு ஒப்பவில்லை. பாதி வழியில் ஒரு திருப்பத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய, நானும் என் தகரப் பெட்டியும் இடுப்பளவு பனியில் போய் விழுந்தோம். வண்டிக்காரர் இறங்கி வந்து முதலில் குதிரையின் நாலு காலையும் தடவிப் பார்த்தார். அப்புறம் வார்களைப் பார்த்தார். அப்புறம் வண்டியை. கடைசியில் என்னைப் பார்த்து என்னமோ கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதே வரிசையில்தான் பார்த்திருப்பேன்.

வண்டி என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது கீழ் ஊரில். ஆஸ்பத்திரி இருப்பது மேல் ஊரில், அரை நாள் நடை. வழியை மூடிவிட்டார்கள் என்றார்கள். யார் மூடினார்கள் என்று கேட்டேன். மலையைக் காட்டினார்கள்.

கீழ் ஊரில் இருப்பது ஒரே ஒரு விடுதி. விடுதிக்கார அம்மாள் எங்கள் ஊர் நெல் குதிர் போல இருப்பாள். போனதும் ஒரு பெரிய கிண்ணத்தில் பார்லிக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. உள்ளே ஏதோ கறித்துண்டு மிதந்தது. தலைக்கு மேல் இரண்டு விரலை நீட்டிக் கொம்பு வைத்துக் காட்டி, இதுவா என்று கேட்டேன். அவள் சந்தோஷமாக "ம்ம்மோ" என்றாள். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கிண்ணத்தை மெல்லத் தள்ளி வைத்தேன். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். உள்ளே போய் வெறும் பார்லியும் உருளைக்கிழங்கும் போட்டுத் தனியாக ஒரு சட்டியில் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள். அன்று முதல் நான் அங்கிருந்து கிளம்பும்வரை எனக்குத் தனிச் சட்டி. கறுத்த மனிதன், மொழி தெரியாதவன், சாப்பாட்டில் வேறு குறை சொல்லுகிறான் என்று அவள் முகம் சுளித்திருக்கலாம். நான் பெட்டியைத் திறந்து நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு கண்ணில் நீர் வழிய நின்றாள். ஆனாலும் இன்னொரு துண்டு கேட்டாள்.

மேசைக்கு எதிரில் ஐம்பது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். ஒல்லி, நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார். இங்கிலீஷில் கேட்டார்: "நீங்கள் பழனிச்சாமியின் அண்ணனா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்தான் மேல் ஊர் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர். கீழ் ஊரில் ஒரு பிரசவத்துக்காக வந்தவர், பனி பெய்து வழி அடைபட்டதால் என்னைப் போலவே மாட்டிக்கொண்டிருந்தார். என் முழுப் பெயரைச் சொல்ல மூன்று தடவை முயன்றார். வரவில்லை. "உங்கள் தம்பி உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்?" என்றார். அண்ணா என்பான் என்றேன். "எனக்கும் அது போதும், அண்ணா" என்று சிரித்தார். அவர் பேசியது இங்கிலீஷ், என் காதில் விழுந்தது தமிழ். அப்படியே எழுதிக்கொண்டு போகிறேன்.

"நல்ல வேளை வந்தீர்கள். வழி திறந்ததும் உங்கள் தம்பிக்கு ஆபரேஷன் செய்துவிடலாம்" என்றார்.

நான் மறைக்கவில்லை. "கத்தி வேண்டாம் டாக்டரம்மா. அவனைக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறேன். எங்கள் ஆத்தா சொல்லிவிட்டார்கள்."

அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "கூட்டிப் போங்கள். உங்கள் தம்பி. நான் தடுக்க முடியாது. ஆனால் ஊர் போய்ச் சேருவாரா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்."

கஞ்சியை அப்படியே வைத்துவிட்டேன். இந்தம்மாளுக்குக் கத்தி வைத்தால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு எழுந்து போய்ப் படுத்தேன்.

மறுநாள் விடிந்தபோது வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மேகம் ஒன்றுகூட இல்லை. வெயில் பளீரென்று அடித்தது. எல்லாப் பனியும் மின்னியது. இதைவிட நல்ல நாள் எங்கே கிடைக்கும்? தகரப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன். ஊர் எல்லையில் தபால்காரர் உர்ஸ் குறுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல ஆகிருதி, காதுவரை தாடி. மேல் ஊருக்குத் தபால் கொண்டுபோவது அவர் வேலை. அவருடைய கட்டையான ஜெர்மன் பேச்சு எனக்கு என்னவோ எங்கள் ஊர்ப் பேச்சாகவே காதில் விழுந்தது.

"எங்கீங்க போறீங்க? இன்னிக்கு ஆரும் மேல போறதில்லீங்க."

"ஏன்? வானம் நல்லாத்தானே இருக்குது?" என்று நானும் தமிழிலேயே கத்தினேன். கொல்லிமலையைச் செருப்பில்லாமல் ஏறி இறங்கியவன் நான், எனக்கு மலையைப் பற்றி நீ சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பிடித்த கையை மட்டும் விடவில்லை.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு மண்வாரியை எடுத்துக்கொண்டு, "வாங்க அண்ணா, ஒன்று காட்டுகிறேன்" என்று விடுதிக்குப் பின்னால் இருந்த சின்ன மேட்டுக்குக் கூட்டிப் போனார். மேட்டில் நெஞ்சளவு ஆழத்துக்குப் பனியைச் செங்குத்தாக வெட்டினார். வெட்டிய சுவரைக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னார். மேலே இரண்டு சாண் இந்த முறை பெய்து காற்று அடித்து இறுகிப்போன பனி, பலகை போல இருந்தது. அதற்குக் கீழே விரலை வைத்தால் பொலபொலவென்று கொட்டியது. அஸ்கா சர்க்கரையை அள்ளி வைத்த மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டாத பொடிப் பரல்.

"பழைய பனி குளிரில் இப்படி ஆகிவிடும். அதன் மேல் புதுப் பனி பலகையாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு மனிதன் கால் வைத்தால் போதும். பலகை உடைந்து மலைச்சரிவே வழுக்கிக்கொண்டு வரும். வெயில் அடித்தால் இன்னும் மோசம்."

நானும் இன்னொரு தடவை விரலை விட்டுப் பார்த்தேன். எங்கள் காட்டில் நான் இரண்டு கிணறு வெட்டியவன். மேலே இறுகின செம்மண், நடுவில் ஊற்று மணல் என்று ஒரு பட்டை வந்துவிட்டால், அன்றைக்கு ஆளை உள்ளே இறக்க மாட்டோம். மணல் பொலபொலத்தால் மேலே இருக்கும் மண் மொத்தமாக உள்ளே வந்துவிடும். மண்ணில் தெரிந்தது எனக்குப் பனியில் தெரியவில்லை, அவ்வளவுதான். அதை அவரிடம் சொன்னேன். "உங்கள் ஊரில் அப்போது என்ன செய்வீர்கள்?" என்று ஆவலோடு கேட்டார். காத்திருப்போம், இல்லாவிட்டால் சுற்றிலும் கல் கட்டிக்கொண்டே இறங்குவோம் என்றேன். "இங்கே கல் கட்ட முடியாது. காத்திருக்கத்தான் வேண்டும்" என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்கே திரும்பினேன்.

காத்திருப்பது எனக்குத் தெரியாத வித்தை இல்லை. காவிரியில் தண்ணீர் புரளும்போது அக்கரையில் பெண்ணுக்குப் பிரசவ வலி என்றாலும் பரிசல்காரன் பரிசலை எடுக்க மாட்டான். திட்டுவோம், கெஞ்சுவோம், கரையிலேயே உட்கார்ந்திருப்போம். ஆனால் அக்கரையில் இருந்தது என் தம்பி. ராத்திரியெல்லாம் இருமிக்கொண்டிருப்பானே என்று நினைத்தால் உட்காரவும் முடியவில்லை.

சும்மா இருக்கமாட்டாமல் ஊரைச் சுற்றிப் பார்த்தேன். மாதா கோயிலின் பின்சுவரை மலையைப் பார்த்த மாதிரி படகின் மூக்குப் போலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். பனி வந்தால் இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் போய்விடுமாம். ஊருக்கு மேலே ஒரு ஊசியிலைக் காடு. அதில் ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது, சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது. அந்தக் காடு நிற்பதால்தான் ஊர் நிற்கிறது. எங்கள் பக்கம் சாமிக்குப் பயந்து கோயில் காட்டில் கை வைக்க மாட்டோம். இவர்கள் மலைக்குப் பயந்து கை வைப்பதில்லை. மாட்டுத் தொழுவத்தை வீட்டோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். உள்ளே போய் ஒரு கறவை மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டு வெகு நேரம் நின்றேன். மாடு மட்டும் எந்தத் தேசத்திலும் மாடுதான்.

அன்று பிற்பகல் அது வந்தது. முதலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்புறம் சத்தம். பெரிய மழையில் ஏரிக் கரை உடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்குமே, அந்தச் சத்தம். எல்லோரும் வெளியே ஓடினோம். மேல் ஊர் வழி போகும் சரிவில் வெள்ளைப் புகை எழுந்து மரத்துக்கு மேலே நின்றது. காலையில் நான் கிளம்பியிருந்தால் எப்படியும் அந்த வழியில்தான் எங்காவது இருந்திருப்பேன். உர்ஸ் என்னைப் பார்த்தார்.  நான் போய் அவர் கையை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டேன். அதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் வானம் தெளிந்தபடியே நின்று குளிர் கடுமையாக இறங்கியது. டாக்டரம்மா தினமும் மண்வாரியோடு போய் வெட்டிப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள், "பனி இறுகி இருக்கிறது. நாளை விடிவதற்குள் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்றார்.

"நிச்சயமாகத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது. நான் பார்த்தது இங்கே வெட்டிய குழியை. மலை முழுவதையும் வெட்டிப் பார்க்க முடியுமா? என் கணக்குத் தப்பலாம். அதற்காகத்தான் இது" என்று ஒரு கயிற்றுச் சுருளை என் முன்னால் போட்டார். சிவப்புக் கம்பளிக் கயிறு, ஒரு சுண்டுவிரல்கூடப் பருமன் இல்லை. நீளம் எங்கள் கிணற்றின் ஆழம் இருக்கும். இதை இடுப்பில் கட்டிக்கொண்டு மறு நுனியைப் பின்னால் இழுபட விட்டுவிட வேண்டும். ஆளைப் பனி மூடினாலும் லேசான கயிறு மேலே மிதந்து வரும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் ஆளைத் தோண்டிவிடலாம்.

இன்னும் சிலதும் சொல்லிக் கொடுத்தார். ஆபத்தான இடத்தை ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும், கூட்டமாகப் போகக் கூடாது. நடுவில் நிற்கக் கூடாது. மூட்டையின் வாரைத் தளர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். பனி அடித்துக்கொண்டு போனால் கையை முகத்துக்கு முன்னால் மடக்கிக்கொள்ள வேண்டும், மூச்சுக்கு ஒரு கை இடம் கிடைக்கும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

நட்சத்திரம் மறையும் நேரத்துக்கு டாக்டரம்மாவும் உர்ஸும் நானும் கிளம்பினோம். விடுதிக்கார அம்மாள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிக் கொடுத்துவிட்டு, என் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டைத் தானே சுற்றிவிட்டாள். அவர்கள் இருவர் காலிலும் பனியில் சறுக்கிப் போகும் நீளப் பலகை. எனக்குப் பலகையில் நிற்கத் தெரியாது என்பதால் வலை பின்னிய இரண்டு வட்டங்களைக் காலில் கட்டினார்கள். முறத்தைக் கட்டிக்கொண்டு நடப்பது போல இருந்தது. இரண்டு சரிவுகளைச் சிரமமில்லாமல் தாண்டினோம். மூன்றாவது கொஞ்சம் அகலமானது, மேலே வளைந்து செங்குத்தாக ஏறுவது. அதைத் தாண்டினால் மேல் ஊர் தெரியும்.

உர்ஸ் முதலில் போனார். அக்கரையில் ஒரு பாறைக்கு அடியில் நின்று கை காட்டினார். அடுத்தது நான்.

இங்கே எங்கள் பண்ணையத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் கிணற்றிலிருந்து இரண்டு மாட்டைப் பூட்டித்தான் நீர் இறைப்போம். அதற்குக் கவலை என்று பெயர். கவலை ஓட்டுகிறவன் முதலில் கற்றுக்கொள்வது, கயிற்றைத் தரையில் இழுபட விடக் கூடாது என்பதுதான். மாட்டின் காலில் சுற்றிக்கொண்டால் காலும் போச்சு, மாடும் போச்சு. கிடக்கிற கயிற்றைப் பார்த்தால் எங்கள் அப்பா, "மாட்டை நொண்டியாக்கப் போறியாடா?" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். எங்கள் ஊரில் எவனும் தரையில் கிடக்கும் கயிற்றைத் தாண்டிப் போக மாட்டான். குனிந்து எடுத்துக் கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் சுற்றிவிட்டுத்தான் மறு வேலை. புத்திக்கு முன்னால் கை போய்விடும்.

பாதிச் சரிவில் எதற்கோ திரும்பிப் பார்த்தேன். பனியில் நீளமாகக் கயிறு இழுபட்டு வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். என் கை அதை இழுத்து இழுத்து முழங்கையில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நான் நடந்துகொண்டேதான் இருந்தேன், என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. முக்கால் கயிறும் சுருளாகிவிட்டது.

"அண்ணா! கயிறு! கயிற்றை விடுங்கள்!"

பின்னாலிருந்து டாக்டரம்மா கத்திய கத்தில் விதிர்விதிர்த்துப் போனேன். அப்போதுதான் கையைப் பார்த்தேன். பதறிப்போய்ச் சுருளை உதறினேன். இரண்டு மூன்று சுற்று கழன்று விழுந்தது. மீதியை உதறுவதற்குள் காலுக்குக் கீழே "உம்" என்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் நெல் மூட்டையைப் போட்டால் கேட்குமே, அது மாதிரி. எனக்கு மேலே பனியில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு ஓடியது. சரிவு மொத்தமும் என்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

உருண்டேன். வாயெல்லாம் பனி. எது வானம் எது தரை என்று தெரியவில்லை. கையை மட்டும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தேன், அது ஒன்று ஞாபகம் இருந்தது. பிறகு எல்லாம் நின்றது. நின்றதும் பனி சிமெண்டாக இறுகிவிட்டது. ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. கத்திப் பார்த்தேன். குரல் என் காதுக்கே வரவில்லை.

பயம் என்று சொன்னால் போதாது. அதைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம் இருந்தது. தம்பியைக் கூட்டிப்போக வந்தவன் அவன் வாசலில் வந்து புதைந்து கிடக்கிறேனே, இனி அவனுக்கு யார், ஆத்தாளிடம் யார் போய்ச் சொல்லுவார்கள் என்று நினைத்தேன். மூச்சு முட்ட ஆரம்பித்தது. அந்த நேரத்தில் மேலே எங்கேயோ ஒரு குரல் கேட்டது. "அண்ணா! அண்ணா!" பழனிச்சாமிதான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

கண் விழித்தபோது என் முகத்துக்கு நேரே டாக்டரம்மாவின் முகம். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் என் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் பனியைத் தோண்டிக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் ரத்தம். உர்ஸ் மண்வாரியால் என் கால் பக்கம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு முழம் சிவப்புக் கயிறு பனிக்கு மேலே கிடந்ததாம். நான் உதறிய அந்த இரண்டு மூன்று சுற்றில் மிச்சம் அது. அதைப் பார்த்துவிட்டு, சரிவில் மீதிப் பனி தொங்கிக்கொண்டிருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் டாக்டரம்மா ஓடி வந்திருக்கிறார். அவருடைய சட்டங்களில் முதல் சட்டத்தை அவரே மீறியிருக்கிறார்.

நான் மூச்சு விடுவதைப் பார்த்ததும் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். "யாராவது கயிற்றைச் சுற்றுவார்களா? எதற்காகச் சுற்றினீர்கள்?" என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டார்.

"மாட்டுக்குக் காலில் மாட்டிக்கொள்ளும் என்று..." என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். உர்ஸுக்கு ஜெர்மனில் சொன்னார். உர்ஸ் மண்வாரியை ஊன்றிக்கொண்டு மலையை அண்ணாந்து பார்த்தார்.

"இங்க ஏதுங்க மாடு?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். சிரிப்பு நிற்கவேயில்லை. எனக்குச் சிரித்துச் சிரித்து அழுகை வந்துவிட்டது.

மேல் ஊர் ஆஸ்பத்திரியில் பழனிச்சாமி திறந்த மாடத்தில் கம்பளிக்குள் படுத்திருந்தான். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றான். முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அண்ணா, ஆத்தா என்ன சொன்னாங்க?" என்றான். "எனக்குப் பயமாத்தான் இருக்குதுங்கண்ணா. நீங்க ஊட்டுக்கு வான்னா வந்தர்றேன். நீங்க சொல்றதுதான்."

நான் எழுந்து போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "இந்த ஆபரேஷனிலும் உங்கள் கணக்குத் தப்புமா?" என்று கேட்டேன்.

"தப்பலாம்" என்றார். "அதனால் ஒரே தடவையில் செய்ய மாட்டேன். பாதி செய்துவிட்டு நிறுத்துவேன். உடம்பு தாங்குகிறது என்று கண்டால்தான் மீதி. நாடி தளர்ந்தால் அந்த நிமிஷமே கத்தியைக் கீழே வைத்துவிடுவேன். என் கை ஆறுகிற வரைக்கும் தொடவும் மாட்டேன்."

தப்பவே தப்பாது என்று அவர் சொல்லியிருந்தால் நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. தப்பலாம் என்று சொல்லிவிட்டு, அதற்கும் ஒரு கயிற்றைக் கட்டி வைத்திருக்கிறவரை நான் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, ஒரு தடவை அந்தக் கையில் கிடந்து பார்த்துவிட்டேன் என்பதுதான் சரி.

திரும்பி வந்து தம்பியிடம் சொன்னேன்: "படுத்துக்க சாமி. அந்தம்மா கையில உட்டுட்டு நிம்மதியாப் படுத்துக்க. ஆத்தாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

முதல் ஆபரேஷன் அன்று கதவுக்கு வெளியே நின்றேன். மரத்துப்போக ஊசி போட்டார்களே தவிர அவன் முழித்துக்கொண்டுதான் இருந்தான். "அண்ணா, இருக்கீங்களா?" என்று உள்ளேயிருந்து அவ்வப்போது கேட்பான். "இங்கதாண்டா இருக்கறேன்" என்பேன். இரண்டாவது ஆபரேஷனும் ஆகி, காய்ச்சல் இறங்கி, அவன் தானாக நாலு எட்டு நடந்தபோது மலையில் பனி உருகிப் புல் எட்டிப் பார்த்தது. என்னைப் புதைத்த சரிவு முழுக்க மஞ்சள் பூ. அதன் வழியாகத்தான் தம்பியைக் கீழே கூட்டி வந்தோம். உர்ஸ் தபால் பையோடு எங்கள் பெட்டியையும் தூக்கி வந்தார். விடுதிக்கார அம்மாள் தம்பிக்கும் தனிச் சட்டி வைத்தாள்.

ஊர் வந்து சேர்ந்தோம்.  ஆத்தா தம்பியின் சட்டையைக் கழற்றச் சொன்னாள். அவன் இடது முதுகில் குழிந்திருந்த இடத்தில் கையை வைத்து, இல்லாத எலும்புகளை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்தாள். நான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பனி, கயிறு, ரத்தம் வடிந்த விரல்கள், கத்தி எல்லாவற்றையும். பேச்சை மீறிய என்னை இப்போது அடிக்கப் போகிறாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"அந்தம்மாளுக்குப் புள்ளை குட்டி எத்தனை?" என்று கேட்டாள்.

"கண்ணாலமே பண்ணிக்கலீங்காத்தா. புள்ளை இல்லீங்."

ஆத்தா தம்பியின் முதுகிலிருந்து கையை எடுக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரண்டு ஆம்பளப் பசங்கள உசுரோட எடுத்து என்ற கையில குடுத்திருக்கறா. புள்ளை இல்லாதவன்னு இனி அவளை எவனும் சொல்லப் புடாது. நீயும் சொல்லப் புடாது."